மாரிச்செல்விக்கு என்ன நட்சத்திரம்?

"2006 ஆகஸ்ட் 14, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். எங்கள் சோப்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரியும் கிடைக்காததால், நானே ஒருத்தியை உண்டாக்கிவிட்டேன். பெயர் மரிசெல். ஊர் செபு. வயது இருபத்து நான்கு. சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதுதான் தவறோ என்றும் தோன்றுகிறது."

எழுதி முடித்ததும் பாமா 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். மேலே 'நடுத்தர' என்று எழுதினாள். நடுத்தரத் தவறு என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று சந்தேகம் வந்தது. அதையும் அடித்துவிட்டுப் பழையபடி 'சின்ன' என்றே போட்டாள். எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண். ஒழுங்காகத்தான் செய்தோமா என்று பிறகு உட்கார்ந்து கவலைப்படுகிற பெண்ணும் கூட.

முழுப் பெயர் சத்யபாமா. வீடு யங்கோன் நகரத்தின் தின்கன்ஜூனில். பகலில் லத்தாவில் காசிவிசுவநாதன் செட்டியாரின் சோப்புக் கடையில் எழுத்து வேலை. மாலையில் லான்மடாவில் கணினி வகுப்பு. பர்மாப் பெண்கள் கல்லில் அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் தனக்காப் பட்டையைச் சோப்புக்குள் போட்டுவிட்டால் உலகமே ஓடி வந்து வாங்கும் என்று செட்டியாருக்குப் போன வருஷம் ஒரு யோசனை உதித்தது. உலகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கடையின் பின்கட்டில் கூரை முட்டச் சோப்புப் பெட்டிகள். அங்கே குடியிருந்த பல்லிகூட வாசனையாக இருந்தது.

கடையில் பாதிப் பங்கு செட்டியாரின் மைத்துனர் சிதம்பரத்துடையது. அவர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு தொலைபேசியிலேயே கடை நடத்துகிறவர்.

"தீபாவளிக்குள்ள பின்கட்டு காலியாகணும், அயித்தான். இல்லேன்னா கடை காலி. நீங்க காரைக்குடிக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில படுத்துக்கலாம்."

"யாரு வாங்குறா சிதம்பரம்? சீனச் சோப்பு பாதி விலைக்குக் கெடைக்குது."

"பிலிப்பைன்ஸ்காரங்களைப் பிடிங்க. இங்கே வீட்டு வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைக, ஞாயித்துக்கிழமையானா முகம் வெளுக்கிற சோப்பா அள்ளுதுக. அவங்க ஊரே இப்ப கம்ப்யூட்டருக்குள்ளதான் குடியிருக்கு. நாமளும் அங்கே போய் ஒரு கடையைப் போட வேண்டியதுதான்."

செட்டியார் தொலைபேசியை வைத்துவிட்டுப் பாமாவைப் பார்த்தார்.

"நீதானே தாயி கம்ப்யூட்டர் படிக்கிறே? பிலிப்பைன்ஸ்காரங்களைப் பிடிச்சிரு" என்றார், தெருமுனையில் டாக்சி பிடிக்கச் சொல்வதுபோல.

முடியாது என்று பாமா சொல்லியிருக்கலாம். ஆனால் பர்மாக்காரர்கள் 'ஆனாதே' என்று ஒன்று சொல்வார்கள். எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று 'இல்லை' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிற குணம். யங்கோன் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தமிழர்களையும் அது விடவில்லை. பாமாவைக் கொஞ்சம் பலமாகவே பிடித்திருந்தது. அதோடு, கடை போனால் செட்டியாருக்குக் காரைக்குடி இருக்கிறது; அவளுக்கும் பின்கட்டில் சோப்பு வெட்டும் நாலு பெண்களுக்கும் எந்தக் குடியும் இல்லை.

"சரிங்க முதலாளி" என்றாள்.

பிலிப்பைன்ஸ்காரர்கள் பகலும் இரவும் கூடிப் பேசும் நட்புத் தளம் ஒன்றில் கடைக்கு ஒரு பக்கம் திறந்தாள். சோப்பைப் படம் பிடித்துப் போட்டாள். ஒரு வாரம் காத்திருந்தாள். ஈ காக்கை வரவில்லை.

வகுப்பு நடத்திய ஸயா கணேஷ்குமாரிடம் போய் நின்றாள். ஸயா என்றால் வாத்தியார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் வகுப்புல சொல்றதில்லை. நீ நல்லாப் படிக்கிற பிள்ளைங்கிறதால உனக்கு மட்டும் சொல்றேன். கடைக்காரன் தன் சரக்கைப் புகழ்ந்தா எவன் கேப்பான்? பிலிப்பைன்ஸ்காரன் இன்னொரு பிலிப்பைன்ஸ்காரன் சொன்னாத்தான் வாங்குவான். நீயே ஒரு பிலிப்பைன்ஸ்காரி ஆயிடு."

"பொய்யில்லையா ஸயா?"

"விளம்பரம்மா! ஆனா உன் சோப்பை மட்டும் புகழாதே, சந்தேகம் வரும். நாலு கடைக்குப் போ. செருப்பை மெச்சு, குடையை மெச்சு. நடுவுல சோப்பையும் மெச்சு." மேசை இழுப்பறையைத் திறந்து, அங்கே கட்டாக இருந்த துண்டுத் தாள்களில் ஒன்றை உருவிக் கொடுத்தார். "அவங்க பாஷையில மூணு வார்த்தை இருக்கு. 'கமுஸ்தா'ன்னா நலமா. 'சலாமத்'னா நன்றி. 'மகாந்தா'ன்னா அழகு. மத்ததை இங்கிலீஷ்ல ஒப்பேத்து. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

பாமா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் தங்கவேலு நின்றுகொண்டிருந்தான். அடுத்த சந்தில் பொன்னுத்துரையின் வெல்வெட் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவன். வகுப்பில் முன்வரிசை. அவளைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது விடியாது. பர்மா மரியாதைப்படி அவன் அவளை 'மா' என்பான், அவள் அவனைக் 'கோ' என்பாள்.

"என்ன மா பாமா, சோப்பு நுரைக்குதா?"

"உங்க செருப்பு கடிக்காம இருந்தாச் சரி, கோ தங்கவேலு."

"ஸயா உள்ளே இருக்காரா?"

"இருக்கார்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

இப்படித்தான் மரிசெல் பிறந்தாள்.

பிறந்த இடம் நபீஸா அக்காவின் இணையக் கடை. லான்மடாவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கணினிக்குக் கணினி பலகைத் தடுப்பு. யார் உட்கார்ந்து என்ன தட்டுகிறார்கள் என்பது பக்கத்து இருக்கைக்குத் தெரியாது. வாசலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னும் நபீஸா அக்காவுக்கு மட்டும் தெரியும். யங்கோனில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டால், "யாராவது குளிரூருக்குப் போவாங்க இல்ல, அப்ப விப்பேன்" என்பாள்.

"மெஷின் வேணுங்கிறப்ப வா. பௌர்ணமிக்கு மட்டும் வராதே. கட்டடத்துக்காரம்மாவுக்கு அன்னிக்கு விரதம், ஆளுக மாடியேறிப் போற சத்தமே ஆகாது."

மரிசெல்லின் படத்துக்குப் பதில் பாமா ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டாள். 'மகாந்தா! இந்தச் சோப்பால் என் முகம் நிலா மாதிரி ஆகிவிட்டது' என்று கடைப் பக்கத்தில் எழுதினாள். ஸயா சொன்னபடியே வெல்வெட் செருப்பையும் அரக்குக் கிண்ணத்தையும் மெச்சினாள்.

அதிசயம் நடந்தது. மறுநாள் மணிலாவிலிருந்து ஒருத்தி சோப்பு அருமை என்றாள். அதற்கு மறுநாள் மூன்று பேர். செப்டம்பர் பாதிக்குள் கடைப் பக்கத்தில் அறுபத்து மூன்று பிலிப்பைன்ஸ் நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"அறுபத்து மூவர்!" என்று செட்டியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா, நாயன்மார் கணக்குல வந்திருக்காங்க. இனிமே குறையே இல்லை."

எதையும் ஆராய்ந்து எழுதிவைக்கும் பாமா நாட்குறிப்பில் குறித்தாள்: "பிலிப்பைன்ஸ் மக்கள் சிக்கனமானவர்கள். தாய்மொழியில் மூன்று வார்த்தைக்கு மேல் செலவழிப்பதில்லை. பார்த்ததும் 'சாப்பிட்டாயா' என்று கேட்கிறார்கள், நம்மைப் போலவே. பௌர்ணமியன்று ஒருவர்கூட எழுதவில்லை. கிறிஸ்தவர்கள் என்று படித்திருந்தேன். எங்கேயோ புத்தர் வழியும் கலந்திருக்க வேண்டும். நான் தப்பாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்."

அறுபத்து மூவரில் ஒருவன் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே எழுதினான். பெயர் ரொட்ரிகோ. ஊர் டாவோ. படத்துக்குப் பதில் ஒரு ஜீப். அவனும் பொன்னுத்துரை கடைச் செருப்பைப் புகழ்கிறவன். அந்தச் செருப்புப் பக்கத்தில்தான் மரிசெல்லைச் சந்தித்தான்.

'கமுஸ்தா, மரிசெல். உன் பாதத்துக்குச் சிவப்பு வெல்வெட் பொருந்தும்.'

'சலாமத், ரொட்ரிகோ. உங்கள் முகத்துக்குத் தனக்கா சோப்பு பொருந்தும்.'

'நீ சொன்னால் பத்துப் பெட்டி வாங்குவேன். சாப்பிட்டாயா?'

கடைசிக் கேள்வியைப் பாமா இரண்டு தரம் படித்தாள். தின்கன்ஜூனில் அவளை யாரும் அவ்வளவு அக்கறையாகச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. உடனே, இது எனக்கு வந்த கேள்வி இல்லை, மரிசெல்லுக்கு வந்தது என்று தன்னைத் திருத்திக்கொண்டாள்.

பத்துப் பெட்டி என்றதும் செட்டியார் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். பேசி முடித்தபோது முகமெல்லாம் பல்.

"எல்லாம் அந்த மாரிச்செல்வியாலதான்" என்றார். மரிசெல் அவர் வாயில் முதல் நாளே மாரிச்செல்வியாகிவிட்டாள். "அந்தப் பிள்ளை நல்ல வார்த்தை சொன்னப்பொறம்தானே கூட்டம் வந்துச்சு? தீபாவளிக்கு அதை நம்ம விருந்தாளியா அழைச்சிருவோம். சிதம்பரமும் வரேன்னிருக்கான். கண்ணால பார்த்துட்டா கடையை மூடுற பேச்சே எடுக்க மாட்டான்."

"அவங்க... ரொம்ப தூரம் முதலாளி."

"டிக்கெட்டு நான் எடுத்துத் தரேன். நீ எழுது. இல்லே, நானும் வரேன். மரியாதையா நானே பக்கத்துல இருந்து எழுதச் சொல்றதுதான் முறை."

அன்று மாலை வெந்நீர்க் குடுவையும் சால்வையுமாகச் செட்டியார் நபீஸா அக்காவின் கடைக்கு மாடியேறிவிட்டார். பாமா பக்கத்தில் உட்கார, அவர் சொல்லச் சொல்ல அழைப்புப் போனது. போனதும் அவர் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"பதில் வரட்டும். இருக்கேன்."

"நாளைக்குத்தான் வரும் முதலாளி."

"வர்றப்ப வரட்டும். குடுவையில டீ இருக்கு."

பாமா வியர்த்தாள். "இந்த மெஷின் மெதுவா இருக்கு. அந்தப் பக்கத்து மெஷின்ல பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து, நாலு தடுப்புத் தள்ளிப் போய் உட்கார்ந்து, மரிசெல்லாக மாறினாள். 'மன்னிக்கவும் ஐயா. என் கணவர் என்னை வெளியூர் அனுப்ப மாட்டார்.'

"அட! வந்திருச்சு! பாமா, ஓடி வா!"

ஓடி வந்தாள். செட்டியார் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். "ஹஸ்... பேண்டு. அட, புருஷன் இருக்கானா? சந்தோஷம். அவரையும் கூட்டிட்டு வரச் சொல்லு. தம்பதியா வந்து நிக்கட்டும்!"

எழுதினாள். மறுபடி பக்கத்து மெஷினுக்கு ஓடினாள். வழியில் ஒரு தடுப்புக்கு மேலே தங்கவேலுவின் தலை நீண்டது.

"என்ன மா பாமா, ஓட்டப் பந்தயமா?"

"உங்க வேலையைப் பாருங்க."

உட்கார்ந்த இடத்தில் அவளுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. ரொட்ரிகோ எழுதியிருந்தான். 'கடைப் பக்கத்தில் பார்த்தேன். உனக்குக் கணவன் இருக்கிறானா, மரிசெல்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? பத்துப் பெட்டிச் சோப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?'

பத்துப் பெட்டியும் போயிற்று! கணவன் இருந்தால் ரொட்ரிகோ போய்விடுவான். இருந்தவனை இல்லை என்றால் செட்டியார் சந்தேகப்படுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் இருந்தது. 'இருந்தார். போன மாதம் தவறிவிட்டார். பழக்கத்தில் அவர் அனுப்ப மாட்டார் என்று எழுதிவிட்டேன்' என்று கடைப் பக்கத்தில் தட்டினாள்.

"பாமா!" செட்டியாரின் குரல் உடைந்திருந்தது. "ஓடி வா தாயி. மாரிச்செல்வி தாலியறுத்துட்டா!"

வீட்டில் செட்டியாரின் மனைவி நாச்சம்மை ஆச்சி செய்தி கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்து நாலு வயசுல! அந்தப் பிள்ளையை இங்கேயே கூட்டிட்டு வந்திருங்க. மாடி அறை சும்மாத்தானே கெடக்கு."

"ஆச்சி, அவங்களுக்கு அங்கே வீடு..."

"நீ சும்மா இரு பாமா. புருஷன் இல்லாத வீடு என்ன வீடு?"

அதற்கு மறுநாள் ரொட்ரிகோ கடைப் பக்கத்திலேயே, ஊரறிய, விதவைக்கு வாழ்வு தருவதாக எழுதிவிட்டான். செட்டியார் அதைப் படித்துவிட்டு மேசையில் ஓங்கித் தட்டினார்.

"ஆம்பளைன்னா இவன் ஆம்பளை! பாமா, ரெண்டு பேரையும் வரச் சொல்லு. தீபாவளிக்கு நம்ம கடையிலேயே மாலை மாத்திருவோம். செலவு என்னுது. சோப்பை வாங்க வந்தவன், சோப்பை மெச்சினவளைக் கட்டுறான். சிதம்பரத்துக்கு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

பாமா எழுதினாள். ரொட்ரிகோ தயங்குவான், எத்தனையோ கடல் தாண்டி வர வேண்டுமே என்று நம்பினாள். பதில் வர நேரமாகத்தான் ஆயிற்று. ஆனால் வந்தது. 'முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வருகிறேன்.'

அன்றைய நாட்குறிப்பு: "பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் ஆனாதே உண்டு போலிருக்கிறது. இந்த உலகத்தில் இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் எந்த ஊரில்தான் இருக்கிறார்கள்? தவறு இனிமேல் சின்னது இல்லை."

ஆச்சி கல்யாணச் சேலை எடுத்துவிட்டாள். அரக்குச் சிவப்பு. "மாரிச்செல்வி சிவப்பா, மாநிறமா?" என்று பாமாவைக் கேட்டாள். செம்பருத்திப் பூவை நினைத்துக்கொண்டு பாமா "சிவப்பு ஆச்சி" என்றாள். பிலிப்பைன்ஸ் மாப்பிள்ளைக்குப் பன்றிக்கறி வேண்டியிருக்குமோ என்று ஆச்சிக்கு ஒரு கவலை. "கேட்டா என்னடி செய்யிறது? நம்ம அடுப்புல அது ஏறாதே!" என்று புலம்பினாள். செட்டியார் கண்ணாடி முன் நின்று 'கமுஸ்தா, கமுஸ்தா' என்று பழகினார்.

பாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை. யங்கோனில் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியைக் கண்டுபிடித்து வாடகைக்கு எடுக்கலாமா என்றுகூட நினைத்தாள். பெரிய ஹோட்டல் ஒன்றில் பாடுகிறவர்கள் இருப்பதாகக் கேள்வி. வாசல் வரை போனாள். காவல்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டார். "ஒரு மணப்பெண்" என்று சொல்ல வாய் வராமல் திரும்பிவிட்டாள்.

கடைசியில் மரிசெல்லுக்குக் காய்ச்சல் வரவழைத்தாள். காய்ச்சல்காரி பயணம் செய்ய முடியாது; அதற்குள் வேறு வழி ஏதாவது தோன்றாதா?

தோன்றியது, ஆச்சிக்கு.

"கோயில்ல அர்ச்சனை பண்ணிருவோம். மாரிச்செல்விக்கு என்ன நட்சத்திரம்?"

"ஆச்சி, அவங்க கிறிஸ்தவங்க..."

"காய்ச்சலுக்கு அதெல்லாம் தெரியுமா? நட்சத்திரத்தைச் சொல்லு."

"ரோகிணி" என்றாள் பாமா. அது அவளுடைய நட்சத்திரம். அவசரத்தில் வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

அர்ச்சனை நடந்தது. பிரசாதத்தைத் தபாலில் அனுப்பச் செபு விலாசம் கேட்டார்கள். டாவோவிலிருந்து ரொட்ரிகோ, விமானம் ஏறி நேரே செபு ஆஸ்பத்திரிக்கே வருவதாக எழுதினான். பாமா மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் மரிசெல்லின் தம்பி என்ற பெயரில் ஒரு வரி தட்டினாள்: 'என் அக்கா நேற்று மறைந்தாள். கடைசி வரை அந்தச் சோப்பைத்தான் கேட்டாள்.'

இரண்டாவது வாக்கியத்தை ஏன் எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விளம்பரப் பழக்கம்.

அறுபத்து மூவரும் அழுதார்கள். மணிலா அழுதது, செபு அழுதது. செட்டியார் அரை நாள் கடையைச் சாத்தினார். ஆச்சி தலை முழுகிவிட்டு வந்து, சிவப்புச் சேலையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். "யாரோ எவளோ, கூடப் பிறந்தவ மாதிரி வலிக்குதுடி" என்றாள். பாமா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்கட்டுக்குப் போய்ச் சோப்புப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள்.

மறுநாள் கடையைத் திறந்ததிலிருந்து விசித்திரமாக ஒரு கூட்டம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். "அந்தத் தனக்கா சோப்பு இருக்கா?" என்பார்கள். ஒன்று வாங்கி முகர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவார்கள். குடைக்கடைப் பையன் வந்தான், அரக்குக் கிண்ணக் கடைப் பெண் வந்தாள். பிறகு அவர்களுடைய முதலாளிகள் வந்து பெட்டி பெட்டியாகக் கேட்டார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது பின்கட்டில் பல்லி மட்டும் மிச்சம்.

"செருப்புக்கடைப் பொன்னுத்துரையே மூணு பெட்டி எடுத்தார்" என்று செட்டியார் வியந்தார். "'பிலிப்பைன்ஸ்ல எங்க வாடிக்கைக்காரர் ஒருத்தர் இந்தச் சோப்பைத் தவிர வேறெதுவும் பேசறதில்லை'ங்கிறார். பாரு, புகழ் சுத்தி வருது! சிதம்பரத்துக்குச் சொல்லிட்டேன். கடை இருக்கும்னுட்டான்."

கடை பிழைத்தது. பாமா மூச்சு விட்டாள். அந்த மூச்சு மறுநாள் மாலை வரைதான் நின்றது.

மறுநாள் மாலை நபீஸா அக்காவின் கடையில் கடைப் பக்கத்தைத் திறந்தாள். ரொட்ரிகோவின் தங்கை என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மரிசெல் மறைந்த செய்தி கேட்டு என் அண்ணன் இதயம் வெடித்து இறந்துவிட்டான். தீபாவளிக்கு அவனை எதிர்பார்க்க வேண்டாம்.'

பாமா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டவன். சிவப்பு வெல்வெட் பொருந்தும் என்றவன். இல்லாத ஒருத்திக்காக, இருந்த ஒருவன் செத்துப்போனான். பொய் சொன்னாள், கடை பிழைத்தது, அதற்கு விலை ஒரு மனுஷன். எழுந்து வாசலுக்கு வந்தாள்.

நபீஸா அக்கா ஸ்வெட்டரிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"என்ன பாமா, முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு? உங்க சோப்பா?"

"அக்கா, நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்."

"உக்காரு. யாரை?"

"பிலிப்பைன்ஸ்ல... டாவோவுல... ரொட்ரிகோன்னு ஒருத்தர்." அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். செம்பருத்திப் பூவிலிருந்து ரோகிணி நட்சத்திரம் வரை. "நாளைக்கு முதலாளிகிட்ட ஒப்புக்கப் போறேன். அதுக்கு முன்னால டாவோவுக்கு ஒரு மலர்வளையம் அனுப்பணும். எப்படி அனுப்புறதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

நபீஸா அக்கா ஊசியை மடியில் வைத்தாள்.

"டாவோ எதுக்கு? சந்து திரும்பினாச் செருப்புக்கடை. நேத்து அந்த மூலையில உக்காந்துதான் தங்கவேலு மூக்கைச் சிந்திக்கிட்டே ரொட்ரிகோவைச் சாகடிச்சான். ஈரல் வெடிச்சதுன்னு எழுதறதா, இதயம் வெடிச்சதுன்னு எழுதறதான்னு என்கிட்டதான் கேட்டான். ரொட்ரிகோவைக் கொண்டா, மரிசெல்லைக் கொண்டான்னு பொன்னுத்துரை அவனைப் பிடுங்கி எடுத்தாராம்."

பாமா ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்த ஸயா. 'உனக்கு மட்டும்'. வராந்தாவில் நின்ற தங்கவேலு. மேசை இழுப்பறைக்குள் ஒரு கட்டாக இருந்த துண்டுத் தாள்கள்.

"அப்ப... மத்த அறுபத்து ரெண்டு பேரு?"

நபீஸா அக்கா மறுபடி ஊசியைக் கையில் எடுத்தாள்.

"பௌர்ணமிக்கு நான் இந்தக் கடையைச் சாத்தினா, அன்னிக்குப் பிலிப்பைன்ஸே இருட்டாக் கெடக்குதே, அதுகூடவா உனக்குத் தெரியலே?"

"2006 அக்டோபர் 19, வியாழன். நாளைக்குச் செய்ய வேண்டியது: செருப்புக் கடைக்குப் போய், ரொட்ரிகோ தவறியதற்குத் தங்கவேலுவிடம் துக்கம் விசாரிப்பது, மரிசெல் சார்பாக."